பகலில் படகு, இரவில் பேருந்து: சாவோ பாவ்லோவிலிருந்து சாவோ லூயிஸ் வரை பிரேசில் கடற்கரைப் பயணம்

பிரேசிலின் கடற்கரை 7,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. கரையை ஒட்டி நெடுந்தூர ரயில் கிடையாது. பேருந்து உண்டு, படகு உண்டு. இந்த இரண்டை மட்டும் நம்பி, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவோ பாவ்லோவில் தொடங்கி வடக்கே சாவோ லூயிஸ் வரை போய்ச் சேரலாம். ஏழெட்டு வாரம் வேண்டும். அவ்வளவு நாள் இல்லாதவர்கள் இதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். மூன்றே வாரம்தான் என்றால் போர்ட்டோ செகூரோவிலிருந்து சால்வடோர் வரையிலான பாயீயா மாநிலக் கரையை மட்டும் எடுங்கள் என்பேன். முழுக் கரையையும் அவசரமாகத் தொட்டுவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயம் முதலிலேயே மனதில் பதிய வேண்டும். அந்தக் கரையில் பேருந்து கடிகாரத்தைப் பார்த்து ஓடும்; படகு கடலைப் பார்த்து ஓடும். வாலென்சா என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்குப் போய் இறங்கினேன். பொய்பெபா தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும். துறையில் வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் எதுவும் பேசாமல் ஆற்றைக் காட்டினார். தண்ணீர் வற்றிப்போய், கரையோரச் சேறு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. "அமன்யா" என்றார். நாளைக்கு என்று பொருள். அன்றிரவு அங்கேயே தங்கி, காலையில் ஏற்றத்தில், அதாவது கடல்நீர் ஏறி ஆறு நிறைந்ததும், கிளம்பிய முதல் படகில் போனேன்.

அதன்பிறகு என் கணக்கு மாறிவிட்டது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்பேன். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று முடிவு செய்வேன். நீண்ட தூரங்களை இரவுப் பேருந்தில் கடந்துவிட்டால் விடியற்காலையில் துறைக்குப் போய்விடலாம். பகல் முழுவதும் படகுக்கு மிச்சம்.

எப்போது கிளம்புவது

இந்தக் கரையில் மழை ஒரே நேரத்தில் பெய்வதில்லை. தெற்கே ரியோ, பராச்சி பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை கொட்டும். பாயீயாவிலிருந்து ரெசிஃபே வரை ஏப்ரல் முதல் ஜூலை வரை மழை. வடக்கே சியரா, மரன்யோன் மாநிலங்களில் ஜனவரியில் தொடங்கி மே, ஜூன் வரை பெய்யும். மரன்யோனில் உள்ள லென்சோயிஸ் மணல்மேடுகளுக்கு நடுவில் தேங்கும் மழைநீர்க் குளங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நிறைந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான்: ஜூலை கடைசி வாரத்தில் தெற்கில் தொடங்கி வடக்கு நோக்கிப் போக வேண்டும். நீங்கள் பாயீயா சேரும்போது மழை ஓய்ந்திருக்கும், கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகே வந்திருக்கும். லென்சோயிஸ் போகும்போது செப்டம்பர் நடுவாகியிருக்கும், குளங்களில் இன்னும் தண்ணீர் நிற்கும். வடக்கிலிருந்து தெற்கே வருபவர்களுக்கு இந்த வரிசை கிடைக்காது.

புறப்படும் முன் முடிக்க வேண்டியவை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகப் போகலாம். ஐரோப்பா வழியாக டிக்கெட் மலிவாகத் தெரிந்தால், அந்த விமான நிலையத்தில் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். பிரேசிலுக்குள் நுழைய அதைக் கேட்கவில்லை என்றாலும், இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

பை 40 லிட்டருக்கு மேல் வேண்டாம். பல இடங்களில் படகுக்கு மேடை கிடையாது; முழங்கால் தண்ணீரில் இறங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஃபோன், பாஸ்போர்ட், பணம் மூன்றுக்கும் தண்ணீர் புகாத பை ஒன்று அவசியம். வாந்தி மாத்திரை, தலைவிளக்கு, ரப்பர் செருப்பு. அப்புறம், பிரேசிலில் எதற்கு என்று கேட்காமல் ஒரு கம்பளிப் போர்வை. காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்.

பேருந்தில் ஏறுவது

பேருந்து நிலையத்துக்கு ரொடோவியாரியா என்று பெயர். சொல்லின் முதலில் வரும் 'ர' அங்கே 'ஹ' போல ஒலிக்கும்: ரியோ 'ஹியோ', ரெசிஃபே 'ஹெசிஃபி'. டிக்கெட் கவுன்ட்டரில் நம் உச்சரிப்பு புரியாது, ஊர்ப் பெயரைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். இணையத்தில் வாங்கப் பல தளங்கள் பிரேசில்காரர்களின் வரி எண்ணான சிபிஎஃப் கேட்கும். அப்படிக் கேட்டால் நேரே கவுன்ட்டருக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிவிடலாம்; ஏறும்போதும் அதைப் பார்ப்பார்கள்.

சாதாரண வண்டி கன்வென்சியனால். அதற்கு மேல் எசெகுட்டிவோ, செமி லெய்ட்டோ, லெய்ட்டோ என்று படிகள் உண்டு. லெய்ட்டோ என்றால் படுக்கை; இருக்கை ஏறக்குறைய முழுதாகச் சாயும். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு செமி லெய்ட்டோ போதும் என்பது என் அனுபவம். எந்த வகுப்பானாலும் ஏசி எலும்பைத் துளைக்கும். உள்ளூர்க்காரர்கள் தலையணை, போர்வையோடு வருவதைப் பார்ப்பீர்கள். நம் போர்வைக்கும் வேலை அங்கேதான்.

பையை அடியில் போடும்போது ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, மறுபாதியை உங்களிடம் தருவார்கள். இறங்குமிடத்தில் அதைக் காட்டினால்தான் பை கிடைக்கும். நடுவழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் கடைகள் பலவற்றில் நுழையும்போதே கையில் ஓர் அட்டை தருவார்கள். வாங்குவதெல்லாம் அதில் ஏறும், வெளியே வரும்போது கணக்கு. ஒன்றுமே வாங்கவில்லை என்றாலும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பேருந்து கிளம்புகிற நேரத்தில் அட்டையைத் தொலைத்துவிட்டு நிற்காதீர்கள். இந்தக் கடைகளில் சாப்பாடு எடை போட்டு விற்பார்கள். தட்டில் நாமே எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கறுப்பு பீன்ஸ் குழம்பில் பன்றி இறைச்சி கிடக்க வாய்ப்பு அதிகம். "செங் கார்னி" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். மீனும் கோழியும் ஹாமும் அவர்கள் கணக்கில் பல நேரம் இறைச்சியில் சேர்வதில்லை, அவற்றைத் தனித்தனியே கேளுங்கள்.

முதல் வாரம்: பராச்சி, இல்யா கிராண்டி

சாவோ பாவ்லோவின் தியெத்தே பேருந்து நிலையம் லத்தீன் அமெரிக்காவிலேயே பெரியது. மெட்ரோ அதன் வாசலிலேயே நிற்கும். அங்கிருந்து பராச்சிக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மினாஸ் மலைகளில் தோண்டிய தங்கம் கப்பலேறிய பழைய துறைமுகம் அது. கல் பாவிய தெருக்களுக்குள் வண்டிகள் வருவதில்லை. தெரு நடுவில் தாழ்ந்திருக்கும், வீட்டு வாசற்படி உயர்ந்திருக்கும். பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தில் கடல் தெருவுக்குள் வந்து, சுவரும் சன்னலும் தண்ணீரில் தெரியும்படி ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரைப் பார்த்து அந்த நாளில் அங்கே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆங்கரா என்ற துறைமுக ஊருக்குப் பேருந்தில் ஏறி, அங்கிருந்தோ சற்றுத் தள்ளியிருக்கும் ஜக்கரெயி துறையிலிருந்தோ இல்யா கிராண்டி தீவுக்குப் படகு. ஜக்கரெயியிலிருந்து விரைவுப் படகு அரை மணிக்குள் போய்விடும். தீவில் கார் இல்லை. கைதிகளை அடைத்துவைத்த சிறை ஒன்று அங்கே இருந்தது. 1994-ல் அதை இடித்தார்கள். ஆள் வராமல் இருந்ததால்தான் காடு தப்பியது. 2019-ல் பராச்சியோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அப்ராவ் கிராமத்திலிருந்து லோப்பிஸ் மென்டிஸ் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் சுமார் மூன்று மணி நேரம் நடை. போகும்போது நடங்கள், வரும்போது படகில் வாருங்கள். கடைசிப் படகின் நேரத்தைக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரியோவைப் பற்றி இங்கே நீட்டவில்லை. ரொடோவியாரியா வாசலிலிருந்து டிராம் போகிறது. இருட்டியபின் வந்தால் செயலி வழியே கார் பிடியுங்கள். ஃபோனைத் தெருவில் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். சால்வடோரிலும் ரெசிஃபேயிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பாயீயாவின் தெற்கு: இங்கே அவசரப்படாதீர்கள்

ரியோவிலிருந்து போர்ட்டோ செகூரோ ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், இருபது மணி நேரம் வரை ஆகலாம். நடுவில் விட்டோரியாவில் ஒரு நாள் இறங்குவது நல்லது. கொயாபெய்ராஸ் பகுதிப் பெண்கள் கையால் வனையும் கறுப்பு மண்சட்டியில்தான் அங்கே மீன் குழம்பு வைப்பார்கள். அந்தச் சட்டி வனையும் தொழில்தான் பிரேசில் அரசு 2002-ல் தன் மரபுப் பட்டியலில் பதிவு செய்த முதல் கலை. மண்சட்டியில் வைத்த குழம்பின் ருசி தெரிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே போகும் பல நெடுந்தூர வண்டிகள் போர்ட்டோ செகூரோவுக்குள் போகாமல் நெடுஞ்சாலையில் இருக்கும் எவுனாப்பொலிஸோடு நின்றுவிடும். பயப்பட வேண்டாம், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து கிடைக்கும். 1500 ஏப்ரல் 22 அன்று போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கண்ட கரை இதுதான். அவருக்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்துவரும் பூர்வகுடிகளின் வழிவந்த பத்தஷோ மக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆற்றைப் பால்சா என்ற மிதவைப் படகில் கடந்தால் அராயல் தஜூதா. அங்கிருந்து டிராங்கோசோ வரை கடற்கரையோரமாகவே நடந்துவிடலாம், சுமார் 12 கிலோமீட்டர். ஒரு நிபந்தனை: வற்றம் தொடங்கும்போது கிளம்பி, ஏற்றம் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் செம்மண் பாறைச் சுவருக்கும் அலைக்கும் நடுவில் நடக்க இடமிருக்காது. பிரேசில் கடற்படை வெளியிடும் ஓத (கடல் ஏற்றவற்ற) அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'தாபுவா ஜி மரே' என்று தேடுங்கள். மரே என்றால் ஓதம். மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஒரு போர்த்துகீசியச் சொல்தான் கற்க முடியும் என்றால் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

டிராங்கோசோவிலிருந்து காரயீவாவுக்கு மண்சாலைப் பேருந்து. ஆற்றங்கரையில் சாலை முடிந்துவிடும். அக்கரைக்குத் துடுப்புப் படகுதான். ஓட்டுபவர் நின்றபடியே தள்ள, ஆறு ஏழு பேர் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் சதுப்புநில மரங்கள், மறுபக்கம் கடல் உடையும் சத்தம். இறங்கினால் தெரு முழுக்க மணல், வண்டியே இல்லை. 2007-ல்தான் மின்சாரம் வந்தது. இரவில் நட்சத்திரம் பார்க்கத் தெருவிளக்கு குறுக்கே வருவதில்லை. தலைவிளக்கு இங்கேதான் வேண்டும். பணத்தை முந்தைய ஊரிலேயே எடுத்து வந்துவிடுங்கள். பொய்பெபா, பின்னால் வடக்கே வரும் அச்சின்ஸ் போன்ற இடங்களுக்கும் அப்படியே.

அப்புறம் கொக்கோ ஊரான இல்யெயுஸ், அலைச்சறுக்கு ஊரான இட்டக்கரே, கமமு வழியாக வாலென்சா. அங்கிருந்து மோர்ரோ டி சாவோ பாவ்லோவுக்கும் பொய்பெபாவுக்கும் படகு. மோர்ரோ கூட்டமும் கொண்டாட்டமும் உள்ள ஊர்; துறையில் இறங்கியதும் தள்ளுவண்டிக்காரர்கள் உங்கள் பையைக் கேட்பார்கள், மேட்டுப் பாதை செங்குத்து, கொடுத்துவிடலாம். பொய்பெபா அமைதி. எனக்குப் பொய்பெபா.

சால்வடோர்

மோர்ரோவிலிருந்து நேரே கடல்வழியாகக் 'கத்தமரன்' படகு இரண்டரை மணி நேரத்தில் சால்வடோருக்குப் போகும். நம் கட்டுமரம்தான் அந்தப் பெயராகிப் பிரேசிலின் படகுப் பலகைகளில் எழுதியிருக்கிறது. அலை பெரிதாக இருக்கும், மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாலென்சாவுக்குத் திரும்பி, பேருந்தில் இட்டப்பரிக்கா தீவின் போங் டெஸ்பாஷோ துறைக்கு வந்து, பெரிய ஃபெர்ரியில் ஒரு மணி நேரத்தில் நகரத்துக்குப் போகலாம். நேரம் கூடுதல், விலை குறைவு. ஃபெர்ரியின் மேல்தட்டில் நின்றால் மலைமேல் ஒரு நகரமும் மலையடியில் ஒரு நகரமுமாகச் சால்வடோர் மெல்ல நெருங்கி வரும். இரண்டையும் இணைக்கும் லசெர்டா மின்தூக்கி 1873-லிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

1763 வரை பிரேசிலின் தலைநகரம் இது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்களே இந்நகரின் உயிர். அதை அறிய அருங்காட்சியகத்துக்கு முன் தெருமுனைக்குப் போங்கள். வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையுமாக ஒரு பெண் அக்கரஜே என்ற வடை சுட்டுக்கொண்டிருப்பார். தோல் நீக்கிய தட்டைப்பயற்றை அரைத்து, வெங்காயம் சேர்த்து, மரக்கரண்டியால் மாவு பொங்கும்வரை அடிக்கிறார். நம் வீட்டில் உளுந்து மாவை அடிக்கும் அதே கை வேகம். டென்டே என்ற செம்பனை எண்ணெய் காய்ந்து, மாவு விழுந்ததும் தெரு முழுக்க மணக்கும். வடையை நடுவில் கீறி, வெண்டைக்காய்க் கூட்டும் வத்தபா என்ற குழைவும் காய்ந்த இறாலும் வைத்துத் தருவார். "கென்ச்சி?" என்று கேட்டால் சூடாகவா என்று நினைக்காதீர்கள், மிளகாய் போடட்டுமா என்கிறார். போடச் சொல்லுங்கள். இறால் வேண்டாதவர்கள் வத்தபாவையும் தவிர்க்க வேண்டும், அதிலும் இறால் உண்டு.

சால்வடோரிலிருந்து நத்தால் வரை

இந்தப் பகுதியை வேகமாகவே கடக்கலாம். பெனெடோ என்ற பழைய ஆற்றுத்துறை நகரில் ஒரு நாள் தங்கி, பக்கத்துப் பியாசபுசுவிலிருந்து படகில் சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றின் முகத்துவாரத்துக்குப் போய் வாருங்கள். சுமார் 2,800 கிலோமீட்டர் ஓடி வந்த ஆறு மணல்மேடுகளுக்கு நடுவில் கடலில் கலக்கிறது. மரகோஜியில் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிப் பவளப்பாறைக் குளங்கள் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெருவற்றத்தில்தான் அவை தெளிவாகத் திறக்கும். மற்ற நாளில் போனால் காசு வீண்.

ரெசிஃபேயின் பேருந்து நிலையம் நகருக்கு வெகு வெளியே இருக்கிறது. மெட்ரோ பிடித்து வர வேண்டும். தங்குவதற்கு பக்கத்து ஒலின்டாவின் மேட்டுத் தெருக்களைத் தேர்ந்தெடுங்கள். போவா வியாஜெங் கடற்கரையில் சுறா எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும், அவற்றை மதித்து நடங்கள். பீப்பா என்ற கடற்கரை ஊரில் டால்பின் வரும் வளைகுடாவுக்கு வற்றத்தில் மட்டுமே நடந்து போக முடியும். நத்தாலுக்கு அருகே பிராஞ்சியில் ஒரே முந்திரி மரம் ஒரு தோப்பளவு படர்ந்திருக்கிறது. முந்திரியின் சொந்த ஊர் இந்தக் கரைதான். போர்த்துகீசியர் வழியே நம் பக்கம் வந்தது. பண்ருட்டிப் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய மரம்.

ஃபோர்ட்டலேசாவும் சங்காடமும்

நத்தாலிலிருந்து ஃபோர்ட்டலேசா எட்டு மணி நேரம். இந்தக் கரை முழுக்க மீனவர்கள் ஓட்டும் தட்டையான பாய்மரத் தெப்பத்துக்கு ஜங்காடா என்று பெயர். நம் சங்காடம், மலையாளத்துச் சங்ஙாடம் என்ற சொல்தான் போர்த்துகீசியர் நாவில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஆறு மரங்களைக் கட்டிய ஜங்காடாவின் ஈர வாசனையைக் கரையில் நின்று முகர்ந்தபோது, நாகப்பட்டினம் பக்கத்துக் கரையில் நிற்பதுபோலவே எனக்கு இருந்தது. 1881-ல் இந்த ஜங்காடாக்காரர்கள் அடிமைகளைக் கப்பலில் ஏற்ற மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்நின்றவர் பிரான்சிஸ்கோ ஜோசே டோ நசிமென்ட்டோ. 'கடல் டிராகன்' என்பது மக்கள் வைத்த பெயர். சியரா மாநிலம் 1884-லேயே அடிமை முறையை ஒழித்தது, நாடு முழுவதும் ஒழிய 1888 ஆனது. நகரின் பண்பாட்டு மையத்துக்கு அவர் பெயர்தான்.

மணல்நாடு

ஜெரிக்கோவாகோவாராவுக்குப் பேருந்து ஜிஜோக்கா வரைதான். அங்கே திறந்த லாரி போன்ற ஜார்டினெய்ராவுக்கு மாறி மணல்மேடுகளில் ஏறி இறங்கிப் போக வேண்டும்; முழுப் பயணம் ஆறேழு மணி நேரம். ஜெரியிலிருந்து மேற்கே கமோசிங், பர்னையீபா, துத்தோயா, பவுலினோ நெவிஸ், பாரெய்ரின்யாஸ் என்று துண்டு துண்டாகப் போகலாம். சில துண்டுகளில் நாளுக்கு ஓரிரு வண்டிதான், ஆகவே இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஜீப் பேசிக் கூட்டிப்போகிறோம் என்பார்கள், விலை பல மடங்கு. பர்னையீபா டெல்டாவில் மாலையில் படகு எடுங்கள்: செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அடையும்போது பச்சை மரம் சிவப்பாக மாறும்.

பாரெய்ரின்யாஸிலிருந்து பிரெகிசாஸ் ஆற்றில் விரைவுப் படகு அச்சின்ஸ் வரை போகும். வழியில் மண்டக்கரு கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பாருங்கள். அச்சின்ஸில் இரண்டு இரவாவது தங்கி, அதிகாலையில் ஒரு வழிகாட்டியோடு லென்சோயிஸுக்குள் நடங்கள். 1,55,000 ஹெக்டேர் பூங்கா அது, அதில் பெரும்பகுதி வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும். தனியாகப் போகாதீர்கள், காற்று உங்கள் காலடித் தடத்தைச் சில நிமிடங்களில் அழித்துவிடும்.

சாவோ லூயிஸிலும் அதற்கு அப்பாலும்

சாவோ லூயிஸில் ஓத வேறுபாடு ஏழு மீட்டர் வரை போகும். விரிகுடாவுக்கு அக்கரையில் பாழடைந்த மாளிகைகளோடு இருக்கும் அல்கான்தராவுக்குப் படகு நேரம் தினமும் மாறும். கடல் வற்றியிருந்தால் புறப்படும் துறையே மாறிவிடும். முந்தைய நாள் மாலை துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள், திரும்பும் நேரத்தையும் சேர்த்து.

இன்னும் நாள் இருந்தால் இரவுப் பேருந்தில் பெலெங் போங்கள். அங்கிருந்து எருமைகள் நிறைந்த மரஜோ தீவுக்கு மூன்று மணி நேரப் படகு உண்டு. அமேசானில் மேலே சாந்தரேங் வரை இரண்டு மூன்று நாள் ஆற்றுப் படகும் உண்டு. ஆற்றுப் படகில் படுக்கை என்பது நீங்கள் கொண்டுபோகும் ஊஞ்சல் துணிதான். பெலெங்கின் வேர்-ஓ-பேசோ சந்தைப் பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டுவதற்கு இரண்டு கயிறும் சேர்த்து. கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்பே ஏறி, எஞ்சினுக்கும் கழிவறைக்கும் தள்ளி, காற்று வரும் பக்கமாக இடம் பிடித்துக் கட்டிவிடுங்கள். துணியில் நேராகப் படுக்காமல் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு வலிக்காது.